நான்காம் பக்கம்

உறுப்பினர் அபூ நாயிஃப் நாடாளுமன்ற மேடையில் நின்று சிபாரிசைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சிபாரிசு என்னும் கறையான் நம் அலுவலகங்களின் நிலைக்கதவைத் தின்று முடித்துவிட்டது" என்று உரையிலிருந்து வாசித்தார்.

சபைக் குறிப்பெடுக்கும் மேசையில் இருந்த ரிஹாப் அதைத் தட்டச்சு செய்தாள். அவர் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள்.

முன்வரிசையில் பணியாளர் துறை அமைச்சரைச் சுற்றி உறுப்பினர்கள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள், ரொட்டிக் கடை ஜன்னலில் நிற்கிற மாதிரி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. தம்பி மகனுக்கு இடமாற்றம், மருமகளுக்கு வேலை. அமைச்சர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இடிக்காதீங்கப்பா, கல்யாண வீடா இது?" என்றார் ஒருவர்.

"மன்சஃப் கறிச்சோத்துத் தட்டு ஒண்ணுதான் குறை" என்றார் அவரை இடித்தவர்.

காலையிலிருந்து பதினேழு சீட்டுகள். ரிஹாப் எண்ணியிருந்தாள். பதினாறாகவும் இருக்கலாம் என்று பிறகு சந்தேகம் வந்தது.

வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து அரசுப் பணிச் சீர்திருத்தச் சட்டமும் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. வேலைக்குப் பதிந்தவர்களின் காத்திருப்புப் பட்டியல் அதோடு ரத்து. செலவு குறையுமாம், திறமைக்கு வழி பிறக்குமாம். இனிமேல் தேர்வுதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எழுத முடியாது.

ரிஹாபின் அக்கா ஸுஹா வேதியியல் படித்தவள். ஆசிரியர் வேலைக்காகப் பதினோரு வருடமாக அந்தப் பட்டியலில் இருக்கிறாள். ஸர்காவில் ஒரு மருந்துக் கடையில் பெட்டி அடுக்குகிறாள். போன மாதம் முப்பத்தாறு முடிந்தது. இப்போதுதான் அவள் முறை நெருங்கியிருந்தது.

பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பவர்களைப் பட்டியல்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு திருத்தம். அதை ஓர் உறுப்பினர் மேடையில் வாசித்துவிட்டால் போதும், வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். வாசிப்பதாக அபூ நாயிஃப் வாக்குக் கொடுத்திருந்தார்.

அது அவருடைய உரையின் நான்காம் பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார். "ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே அமைச்சர், அவன் வாங்கிய மதிப்பெண்."

கைதட்டல் எழுந்தது. அமைச்சரைச் சுற்றி நின்றவர்களும் சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள்.

அமைச்சர் எழுந்தார். கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே கதவை நோக்கி நடந்தார்.

"ஒரு நிமிஷம், தலைவரே" என்று சபைத் தலைவரிடம் சொன்னார் அபூ நாயிஃப்.

கோப்பிலிருந்து அடுத்த தாளை உருவினார். அதைக் கவிழ்த்துப் போட்டு, குனிந்து நாலு வரி கிறுக்கினார். மேடையை ஒட்டிக் கடந்துபோன அமைச்சரிடம் எட்டி நீட்டினார்.

அமைச்சர் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டாக மடித்துப் பின்னால் வந்த செயலாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அபூ நாயிஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு ஐந்தாம் பக்கத்தைத் தொடங்கினார்.

சரியாகத்தான் பார்த்தோமா என்று ரிஹாப் யோசித்தாள். அது வேறு தாளாக இருக்கலாம். கடைசியில் நினைவு வந்து சொல்லவும் செய்யலாம். ஆனால் அவளுடைய விரல்கள் அதற்குள் "தலைவர் அவர்களே, நான் முன்மொழியும் திருத்தம்" என்று அடித்துவிட்டிருந்தன.

அந்த உரை முழுவதும் அவள் எழுதியது. கறையானும் அவளுடையது, மதிப்பெண்ணும் அவளுடையது. மூன்று நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினாள். அதற்கு அவள் கேட்ட கூலி ஒரே ஒரு பக்கம்.

சபையில் பேசாததைக் குறிப்பில் ஏற்றக் கூடாது. அடித்ததை அழித்தாள்.

வாக்கெடுப்பு வந்தது. கைகள் எழுந்தன. அபூ நாயிஃபின் கையும் எழுந்தது.

"ஏற்கப்பட்டது" என்றார் தலைவர், எண்ணாமலே.

இடைவேளையில் அபூ நாயிஃப் அவள் மேசைக்கு வந்தார். தலைத்துணியைத் தோளுக்குப் பின்னால் எடுத்து விட்டுக்கொண்டார்.

"என்ன மகளே, சபையே ஆடிப்போச்சு பாத்தியா?"

"ஐயா, நாலாம் பக்கம்."

அவர் கோப்பைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "அடடா, அதுலயா எழுதினேன்? அண்ணன் பையனுக்குச் சுங்கத்துல ஒரு இடம். மனுஷன் கிளம்பிட்டாரேன்னு அவசரத்துல..."

அவர் முகம் வாடிப்போனது. உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"சரி விடு. பட்டியல் போனா போகட்டும். உங்க அக்கா பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடு. மந்திரி கேன்டீன்ல காபி குடிச்சிட்டுதான் இருப்பார். சட்டம் கெஜட்ல வர்றதுக்கு முந்தின தேதி போட்டு வாங்கித் தர்றேன்."

தன் பேனாவையே நீட்டினார். அது அவருடைய வியர்வையில் பிசுபிசுத்தது.

ரிஹாப் வாங்கிக்கொண்டாள்.

ஒரு முழுத் தாளை எடுத்து எழுதினாள். ஸுஹாவின் பெயர், தகப்பன் பெயர், பட்டம், பதிந்த வருடம். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

பட்டியலில் ஸுஹாவுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த எட்டுப் பேரின் பெயரும் ரிஹாபுக்கு மனப்பாடம்.

தாளில் இடமும் நிறைய இருந்தது.