சனிக்கிழமை கேக்

ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் கையில் கத்தியோடு மேஸ்திரி நின்றிருந்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க பண்றீங்க?"

"வெள்ளரிக்காய் எடுக்க வந்தேன்மா." சொன்னபடியே கீழ்த்தட்டிலிருந்து ஒரு வெள்ளரியை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் கழுவிய கத்தியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவருடைய மீசையில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. காலிஃப்ளவரைக் கடித்திருப்பார் என்று நினைத்து அவளே அதைத் தட்டிவிட்டாள். டீயில் சர்க்கரை குறைந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷன், காலிஃப்ளவரைப் பச்சையாகத் தின்கிறாரே என்று மனம் இளகியது.

மேல்தட்டில் கேக் இருந்தது. வெள்ளைக் க்ரீம் பூசி, விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு ரோஜாக்கள் வைத்த பெரிய கேக். அவள் வேலை பார்க்கும் பேக்கரியில் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டதாம், சனிக்கிழமை ஆர்டராம், அதுவரை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்களாம். அப்படிச் சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தாள். விரல் பட்டால் வேலை போய்விடும் என்று எச்சரித்தும் இருந்தாள்.

மேஸ்திரி சுவர் பூசுகிறவர். அவருடைய கரண்டி பட்டுவிட்டால் விரிசல் எங்கே இருந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வீடு இனிப்புக் கொடுத்தார்கள். இவரும் வேண்டாம் என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்தியதில்லை. விளைவு, ரத்தத்தில் சர்க்கரை எகிறி, இனிமேல் காயும் கீரையும் பழமும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அம்மா போய் ஒரு மாதமாவது கூட இருந்தாக வேண்டும். மேஸ்திரியைத் தனியாக விட்டுப் போகலாமா, காவலுக்கு அவருடைய அக்காவை வரவழைப்பதா என்பதுதான் வீட்டில் பேச்சு. அக்கா வந்தால் சாப்பாடு மட்டுமல்ல, டிவி ரிமோட்கூட கேட்டால்தான் கிடைக்கும்.

"அக்காவெல்லாம் எதுக்கு? அவ்வளவு பெரிய கேக்கு உள்ள உக்காந்திருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பினேனா?" என்று மேஸ்திரி வாதாடினார். கேரட்டைக் கடித்துக்கொண்டே வாதாடியதால் அதில் ஒரு கம்பீரம் இருந்தது.

மகளுக்குப் போனில் விஷயம் போனது. "அப்பா கேக்கைப் பார்த்துட்டுச் சும்மா இருக்காரா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று அவள் பயந்துபோனாள்.

மனைவியும் லேசில் நம்பிவிடவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் கேக்கை வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். ஒரு ரோஜா குறையவில்லை. க்ரீமில் ஒரு கீறல் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு, வர வேண்டியதில்லை அண்ணி, உங்கள் தம்பி திருந்திவிட்டார் என்று சொன்னாள். அங்கே பெட்டியெல்லாம் கட்டி வைத்தாயிற்றாம். ஏமாற்றத்தோடு போனை வைத்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்ஸி வாசலில் வந்து நின்றது. கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். உண்மையில் அது கேக்கே இல்லை. பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பது. மேலே மட்டும்தான் க்ரீம், உள்ளே முழுக்கத் தெர்மாகோல். புருஷனின் நாக்கைச் சோதித்துப் பார்க்க அவளே முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

இவ்வளவு நேர்மையாக இருந்தவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி அவளுடைய பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கி வந்து டாக்ஸியில் திணித்தார். "குழந்தைக்குத் துணி வாங்கினியா, செங்கல் வாங்கினியா?" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பெருமையோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க. அந்தக் கேக்கை மட்டும் மறக்காம பேக்கரியில குடுத்துடுங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்குங்க, கனமா இருக்கும்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த மேஸ்திரி, பெட்டியை முறைத்தபடியே சொன்னார்.

"தெர்மாகோல்ல என்னம்மா கனம் இருக்கப் போகுது?"