ஆறாவது தட்டு

"அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு கறித்துண்டு வைங்கப்பா! காஞ்ச வயித்தோட எப்படிக் குதிப்பா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறுகிறவர்களை விரட்டினார் நல்லகாமன். அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்து மகளிர் வாலிபால் கிளப்புக்கு அவர்தான் தலைவர். கோச் வித்யாஸ்ரீக்குத் தலை சுற்றியது. இன்னும் மூன்று மணி நேரத்தில் மதுரையில் மேட்ச்!

"தலைவரே, ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு வாழைப்பழம் போதும்னு சொன்னேனே?"

"பழம் கொரங்குக்குப் போதும் கோச்சம்மா. இவளுக எங்க ஊருப் புள்ளைக."

கேப்டன் தமிழ்ச்செல்வி மூன்றாம் தரம் சோறு வாங்கிக்கொண்டே, "பெரியப்பா ஆசையாப் போடுறாரு கோச். எப்படி வேணாங்கிறது?" என்றாள்.

வித்யாஸ்ரீ திருநகர்ப் பெண். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த அன்றே கிளப் அலமாரியைத் திறந்து காட்டினார் நல்லகாமன். ஐந்து தட்டுகளில் ஐந்து கோப்பைகள். எல்லாமே தேசிய இரண்டாம் டிவிஷன் சாம்பியன் கோப்பைகள். ஆறாவது தட்டு காலி. அதையும் தினமும் துடைத்து வைப்பார்.

இரண்டாம் டிவிஷனில் ஜெயித்தால் மறுவருஷம் முதல் டிவிஷனுக்கு ஏறலாம். அங்கே கடைசியாக வந்தால் திரும்ப இறங்க வேண்டியதுதான். இந்த டீம் நாலு தடவை ஏறி, நாலு தடவையும் இறங்கியது. இது ஐந்தாவது ஏற்றம். இன்று ஜெயித்தால் தப்பிக்கலாம்.

"இறங்கிட்டா நான் வேலையை விட்டுப் போயிடுவேன் தலைவரே" என்று முன்பே சொல்லியிருந்தாள் வித்யாஸ்ரீ.

"அம்புட்டுத் தூரம் போகாது கோச்சம்மா. கருப்பன் இருக்கான்."

போகிற வழியில் வேனை நிறுத்தி, ஆளுக்கு ரெண்டு கிளாஸ் ஜிகர்தண்டா வேறு வாங்கிக் கொடுத்தார். "சூடு தணியட்டும்."

ஆட்டம் தொடங்கியது. தமிழ்ச்செல்வி எம்பிக் குதித்ததில் அவள் காலுக்கும் தரைக்கும் நடுவே ஓர் அப்பளம் நுழைந்தால் அதிகம். பின்வரிசைப் பெண் ஒருத்தி, பந்து வரும்போது கொட்டாவி விட்டாள்.

முன்வரிசை நாற்காலியில் நல்லகாமன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "கருப்பா, கைவிட்டுறாதய்யா. நெனச்சது நடந்தா நாளைக்கே ஒனக்குக் கெடா."

அதைக் கேட்ட வித்யாஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. டீம் மேல் மனுஷனுக்கு எத்தனை பாசம்!

மூன்று செட்டும் வரிசையாகப் போயின. கடைசிப் பந்து விழுந்ததும் நல்லகாமன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் போய்த் தேற்றக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தோடு ஸ்கூட்டியில் ஊருக்குப் போனாள். ஊர் எல்லையிலேயே கொட்டுச் சத்தம். கருப்பன் கோயில் வாசலில் மாலை போட்ட கிடா நின்றது. புது வேட்டியில் நல்லகாமன்.

"வாங்க கோச்சம்மா! இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

"என்ன விசேஷம் தலைவரே?"

"வேண்டுதல். கருப்பன் கைவிடல."

"நாமதான் தோத்துட்டோமே!"

நல்லகாமன் சுற்றும் முற்றும் பார்த்தார். கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல இருந்தா நமக்கு எவன் கப்பு தரப்போறான்? கப்பு ஊர்வலம் வந்தாத்தான் இந்த ஊர்ல பொம்பளப் புள்ளைகள வெளையாட விடுறாய்ங்க. கீழ எறங்குனாத்தான ஆறாவது தட்டு நெறையும்? ஒங்களுக்கு முந்தி இருந்த நாலு கோச்சுக்கும் இதே கறிச்சோறு, இதே ஜிகர்தண்டாதான் கோச்சம்மா!"