ஜிங்கு என்றால் என்ன?

தையல் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தச் சொல் காதில் விழுந்தது. பட்டன் தைக்கும் அக்கா, "ஜிங்கு!" என்றார். காஜா எடுப்பவர் சிரித்தபடி, "ஜிங்கு, ஜிங்கு!" என்றார்.

"ஜிங்குன்னா என்னக்கா?"

"நூல் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்மா."

காஜாக்காரரோ, "பசிக்குதுன்னு அர்த்தம்" என்றார். இஸ்திரி போடுபவர், "சும்மா, வணக்கம் மாதிரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. முதலாளியின் அக்கா மகள் என்பதால் தனக்குத்தான் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் சொல்லி ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை, இரண்டு மாத விடுப்பு முடிந்து கட்டிங் மாஸ்டர் வந்தார். துணியை விரித்தார். கை நீட்டி, தயங்கித் தயங்கி, "ஜிங்கு" என்றார்.

அக்கா கத்தரியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் காதில் கிசுகிசுத்தார்.

"பக்கவாதம்மா. கை தப்பிச்சிடுச்சு. வாயில அந்த ஒரு வார்த்தைதான் வருது. எல்லாரும் சொன்னா அவருக்குக் கூச்சமா இருக்காதுல்ல? அதான் வீட்டுல போய்ப் பார்த்துட்டு வந்ததுலருந்தே சொல்லிப் பழகிக்கிட்டோம். முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நீ போய்ச் சொல்லிடுவியோன்னுதான் உன்கிட்ட மறைச்சோம்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"மாஸ்டர் ஏதோ சொன்னாரே, ஜிங்குன்னா என்னம்மா?" என்று அவளைத்தான் கேட்டார்.

தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"கத்தரிக்கு நாங்க வச்ச பேரு, மாமா" என்றாள் அவள்.