நிற்காத சார்ஜ்

தையற்காரி கொண்டுவந்த அவள் தம்பியின் போனுக்கு ரிப்பேர்காரர் ஐந்நூறு என்று விலை போட்டார். தம்பி காணாமல் போய் இரண்டு வருடம். அவன் விட்டுப்போன அந்தப் போனுக்கு அவள் தினமும் சார்ஜ் ஏற்றி, அலமாரியில் வைத்திருந்தாள்.

“விக்க வரலண்ணே. அப்டேட் போட்டதுலேர்ந்து சார்ஜ் நிக்க மாட்டேங்குது.”

அவர் நோண்டிப் பார்த்தார். “எப்படிம்மா நிக்கும்? நேத்து மட்டும் இருபதாயிரம் ஸ்டெப் நடந்திருக்கே!”

“அலமாரிய விட்டு நகரலண்ணே.”

“அப்போ அலமாரிதான் நடந்திருக்கும்” என்றபடி மேப்பைத் திறந்தவரின் சிரிப்பு நின்றது. போகுமிடம், வீடு. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மேப்போ நாற்பது கிலோமீட்டர் என்றது.

பேட்டரியைத் தொட அவள் விடவில்லை. செவ்வாயன்று மேப்பில் இருபத்தாறு கிலோமீட்டர். புதன் பன்னிரண்டு. வியாழன் மதியம் தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு, இரண்டு தட்டு கழுவி வைத்து, வாசல் கதவை விரியத் திறந்தாள்.

பாக்கி நானூறு மீட்டர்.