கோயிலில் விழுந்த அடி

ரோமாபுரியின் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பாட்டு என்று, வருஷம் முழுமைக்கும் எழுதிக்கொண்டு வந்த சபிதியுஸ், ஜூன் பதினொன்றில் வந்து நின்றுவிட்டார்.

அன்று விடியல் தாய் என்னும் தெய்வத்துக்குக் கோயிலில் திருவிழா. ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் கோயிலுக்குப் போய்வந்த மனைவி வெத்தியாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

அன்றைக்குப் பெண்கள் தாங்கள் பெற்ற பிள்ளைகளுக்காக வேண்டுவதில்லை; உடன்பிறந்தவள் பிள்ளைகளுக்காகத்தான் வேண்டுவார்கள். அடிமைப் பெண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அதை எல்லோருக்கும் காட்டுவதற்கென்றே ஒருத்தியை மட்டும் உள்ளே இழுத்துவந்து, கன்னத்தில் அறைந்து, துரத்திவிடுவார்கள்.

யார் அந்த ஒருத்தி என்று கேட்டார்.

"வருஷா வருஷம் நம்ம தெரு நுமித்தோரியா வீட்டு அடிமை தல்லூசாதான். நாங்கல்லாம் எங்க வீட்டு ஆளை அனுப்பத் தயங்குவோம். நுமித்தோரியா மட்டும் முந்திக்கிட்டு அவளை இழுத்துட்டு வருவா. ஒரு அடியோட விடாம மாத்தி மாத்தி அடிக்கிறதும் இவதான், வேற யாரையும் கிட்ட விடமாட்டா. கல்நெஞ்சுக்காரி."

சபிதியுஸுக்கு மனம் கொதித்தது. பெயர் சொல்லாமல், ஆனால் தெருவில் யாருக்கும் புரிகிற மாதிரி, நுமித்தோரியாவைச் சாடி எட்டு வரி எழுதினார். மறுநாள் இரவு ஒரு விருந்தில் வாசிப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலை தெருமுனைத் தொட்டியில் தல்லூசா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் கன்றிப்போயிருந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, எட்டு வரிகளையும் அவளிடம் படித்துக் காட்டினார்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இதை வாசிக்காதீங்க ஐயா. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அம்மா என்னைக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திடுவாங்க."

நிறுத்தினால் நல்லதுதானே என்றார் அவர்.

"செத்துப்போன என் அக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஓஸ்தியா பக்கம் யாருக்கோ வித்துட்டாங்க. அவளுக்காக வேண்டிக்க எனக்கு இந்த ஒரு நாள்தான். அடி வாங்கறவளா போனாத்தான் உள்ளயே விடுவாங்க. நான்தான் அம்மாகிட்ட கெஞ்சிக் கேட்டேன்."

சபிதியுஸ் எழுதியதைச் சுருட்டிக்கொண்டே அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"சரி, அதுக்காக அந்தம்மா இத்தனை அடி அடிக்கணுமா? ஒண்ணு போதாதா?"

"வேற யாராவதுன்னா ஒரே அடியில வெளிய தள்ளிடுவாங்க ஐயா. அம்மாதான் ஒவ்வொரு அடிக்கும் நடுவுல காதோரமா குனிஞ்சு கேப்பாங்க, 'வேண்டி முடிச்சிட்டியா?'ன்னு."