நேரலையில் ஒரு தகப்பன்

“அம்மா, நீங்க படிச்சவங்க, அழகாப் பேசறீங்க. என் வீட்டுல ஒரு நாள் வந்து இருந்து பாருங்க, அப்பத் தெரியும்!”

தொலைபேசியில் வந்த குரல் ஸோம்பா நகர வானொலி நிலையத்தின் சின்ன அறைக்குள் அதிர்ந்தது. நிகழ்ச்சி நடத்தும் லிம்பானி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, எதிரே இருந்த பேராசிரியர் ஸியோனேயைப் பார்த்தான்.

ஸியோனே பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் துறைத் தலைவர். ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர் அவரைப் பற்றி என்ன முடிவு கட்டிவிடுகிறது என்பதுதான் அவருடைய இத்தனை வருட ஆராய்ச்சி. பேசுவது யார் என்று தெரிந்துவிட்டால், என்ன பேசுகிறார் என்பது பாதிப் பேர் காதில் ஏறுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இந்த அழைப்பு வந்தது.

“தாராளமா கோபப்படுங்க. ஆனா பேரைச் சொல்லிட்டுக் கோபப்படுங்க” என்றார்.

“யாமிகானி.”

“என்ன ஆச்சு, யாமிகானி?”

மறுமுனையில் மினிபஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு மேலாக அவன் குரலை உயர்த்தினான்.

“போன வாரம் எனக்குப் பொண்ணு பொறந்தா. வெள்ளைத் தோலு. மஞ்ச முடி. நானும் கறுப்பு, என் பொண்டாட்டி எஸ்நாத்தும் கறுப்பு. ‘பேயைப் பெத்து வச்சிருக்கா, வீட்டுக்குள்ள விடாதே’ங்கறான் அண்ணன். இவ மாசமா இருந்தப்ப சந்தையில அந்த மாதிரி ஆளு ஒண்ணு பக்கத்துல நின்னுச்சாம், அதான் ஒட்டிக்கிச்சாம். அதுங்க குரல் காதுல விழுந்தாலே குடும்பத்துக்கு ஆகாதாம்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் நினைச்சு என்னம்மா ஆகப்போகுது? நேத்து மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் வந்தானுங்க. ‘இது பிழைக்காது, எங்ககிட்டக் குடுத்துடு’ன்னானுங்க. அண்ணன் தலையாட்டறான். இன்னிக்குச் சாயங்காலம் மறுபடி வருவானுங்க.”

லிம்பானி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படிப்பட்ட குழந்தையின் எலும்பு வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் கொட்டும் என்று நம்புகிறவர்கள் எதற்கும் துணிவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

“குழந்தை இப்ப எங்க?” ஸியோனேயின் குரல் மாறியது.

“எஸ்நாத் முதுகுல. இங்கதான் நிக்கறோம். சந்தைக்குப் பின்னாடி, அந்த—”

“சொல்லாதீங்க!”

அவர் போட்ட கூச்சலில் லிம்பானி பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். வானொலியில் பாட்டு ஓடத் தொடங்கியது.

“யாமிகானி, இந்த நிகழ்ச்சியை அந்த ரெண்டு பேரும் கேட்டுட்டிருக்கலாம். இப்ப நாம பேசறது வெளிய கேக்காது. அங்க உங்களை யாராவது கவனிக்கிறாங்களா?”

“டீக்கடையில யாரோ ரெண்டு பேர் பார்த்துட்டே இருக்கானுங்க. ரேடியோ அங்கதான் ஓடுது.”

“அங்கிருந்து நகருங்க. சந்தைக்கு முன்னாடி, ஜனங்க நடமாடற ரோட்டுக்கு வாங்க. வண்டி அனுப்பறேன். இங்கிருந்து நானே உங்களைப் போலீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“வந்து? இன்னிக்குக் காப்பாத்திடுவீங்க. நாளைக்கு?” என்று அவன் கேட்டான். “இந்தப் பிள்ளைங்க வளராதாம்மா. ஒருநாள் அப்படியே மாயமாப் போயிடுமாம். ‘இதுங்கள்ல வளர்ந்து ஆளாகி, நாலு பேர் மதிக்கிற மாதிரி இருக்கற ஒருத்தரையாவது காட்டு’ங்கறான் அண்ணன். எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா? உங்க வீட்டுல நடந்திருந்தாத்தான் தெரியும்!”

லிம்பானி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸியோனே கையமர்த்தினார். ஒலிவாங்கியை அருகே இழுத்துக்கொண்டார்.

“ஒருத்தரைக் காட்டினாப் போதுமா?”

“போதும்.”

“அப்ப வாங்க. காட்டறேன். பிடிக்கலைன்னா உங்க இஷ்டம்போல திரும்பிப் போகலாம். ஆனா குழந்தையோட வரணும்.”

மறுமுனையில் ஒரு பெண்ணின் விசும்பல் கேட்டது. பிறகு அவளே பேசினாள்.

“அம்மா, நான் எஸ்நாத். இவர் வராட்டியும் நான் வர்றேன்.”

“நானும்தான் வர்றேன், வாயை மூடு” என்றான் யாமிகானி பின்னாலிருந்து.

நிலையத்தின் கார் பறந்தது. லிம்பானி போலீஸுக்குச் சொல்லிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டாகவே போட்டுக்கொண்டிருந்தான். ஸியோனே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டிரைவரைப் போனில் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மீண்டும் கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

“டீக்கடையில இருந்தவனுங்க பின்னாடியே போயிருந்தா?” என்றான் லிம்பானி.

“பேசாம இரு, தம்பி.”

வாசலில் பிரேக் சத்தம் கேட்டது. தடதடவென்று காலடிகள். கதவு திறந்து யாமிகானி மூச்சிரைக்க உள்ளே வந்தான். அவன் பின்னால் எஸ்நாத். அவள் முதுகில், பூப்போட்ட துணிக்குள் முழுக்க மூடிய சின்ன மூட்டை.

“அம்மா எங்க?” என்று அவன் லிம்பானியிடம் கேட்டான். “போன்ல பேசினாங்களே, அந்தப் பெரியம்மா?”

“வாங்க, யாமிகானி” என்று அறையின் ஓரத்தில் நின்ற ஒலித்தடுப்புப் பலகையின் மறுபுறமிருந்து எழுந்து வந்தார் ஸியோனே.

பழகிய குரலைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பியவன், அப்படியே வாயடைத்து நின்றான். எஸ்நாத் மட்டும் துணியை அவிழ்த்து, குழந்தையின் மஞ்சள் முடியையும் பேராசிரியரின் தலையில் நரைக்கத் தொடங்கியிருந்த அதே மஞ்சள் முடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளை அந்த வெள்ளைக் கைகளில் கொடுத்தாள்.