உள்தையலுக்குச் சிவப்பு நூல்

மூன்றாவது வரிசை, ஏழாவது கட்டம். கோணல்.

கூடத்துக்குள் கால் வைத்ததுமே அவள் கண்ணில் பட்டது அதுதான்.

குறுக்கே கட்டிய கயிற்றில் இருபத்து மூன்று போர்வைகள் தொங்கின. துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, தையல் சங்கத்துப் பெண்கள் தைத்தவை. பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் ஊரே பார்க்க வரும். இருபத்திரண்டு போர்வைகள் ஏதோ பரவாயில்லை. இருபத்து மூன்றாவதுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

சாயம் போய், எது பச்சை எது நீலம் என்றே தெரியவில்லை. ஒரு மூலையை யாரோ சப்பியிருக்கிறார்கள். நடுவில் மைக்கறை. ஓரத்தில் பட்டி அடித்திருந்த லட்சணமோ, கோழி கிளறிய மாதிரி.

குத்தியிருந்த அட்டையைப் படித்தாள். ‘கொடுத்தவர்’ என்ற இடத்தில் அவளுடைய நாத்தனாரின் பெயர். அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள். ‘தைத்தவர்’ என்ற இடம் காலி. போடுவதற்கு வெட்கமாக இருந்திருக்கும். அந்த மட்டுக்காவது சூடு சொரணை இருக்கிறதே!

“இதைத் தைச்சவளுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?” என்றாள் சத்தமாகவே.

பத்தடி தள்ளி நாத்தனார் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னது. நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சங்கத்தில் இவளுக்குப் பெயரே ‘பிரிச்சுடு அக்கா’. யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பாள். பிறகு பிரிச்சுடு என்பாள். அடுத்தவர் தைத்ததை மட்டுமில்லை, தான் தைத்ததையும் விட்டு வைத்ததில்லை. அதற்காகவே துண்டுகளை இணைக்கும் உள்தையல் முழுவதையும் சிவப்பு நூலில்தான் போடுவாள். என்ன நிறத் துணியானாலும், பிரிக்கும்போது நூல் பளிச்சென்று தெரியுமாம். தைக்கும்போதே பிரிக்கத் தயாராகிற ஒரே ஜீவன் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, அரைகுறைகள்.

பன்னிரண்டு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறாள். ஒன்றைக்கூட முடித்துக் காட்டியதில்லை. தங்கை கல்யாணத்துக்கு என்று ஆரம்பித்தது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. நாத்தனார் பிள்ளையுண்டாகியிருந்தபோது தைத்தது குப்பைக் கூடைக்குப் போயிற்று. குழந்தைக்குக் கடையில் வாங்கிய கம்பளிதான். அதற்குப் பிறகு தைத்தவை எல்லாம் திரும்பவும் துண்டுகளாகிவிட்டன.

இந்த வருடம் அடித்துச் சொல்லி இருபத்து நான்காம் எண்ணை வாங்கியிருந்தாள். அந்த அட்டை மட்டும் கயிற்றில் தனியாக ஆடியது. போர்வை அவள் பைக்குள் இருந்தது. முழுசாக முடித்த போர்வை. ஆனால் காலையில் கிளம்பும்போது பார்த்தால், ஒரு மூலை ஒரு நூல் அகலம் சேரவில்லை.

ஒரே ஒரு நூல். அதோடு தீர்ந்தது. இந்த வருடமும் இல்லை என்று சொல்லி எண்ணைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தாள். அதை நினைத்தாலே அழுகை முட்டியது. இந்தக் கந்தல் மட்டும் கூச்சநாச்சமில்லாமல் எல்லார் முன்னாலும் தொங்குகிறது!

மணி ஒன்பதே முக்கால். நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் குடும்ப மானம் போகக்கூடாது. அந்த ஏழாவது கட்டத்தையாவது நிமிர்த்தி வைக்கலாம் என்று, தையல் பிரிக்கும் கொக்கியைப் பையிலிருந்து எடுத்தாள். மேல்தையலில் நாலு இழையை அறுத்தாள். விரலை உள்ளே விட்டு, கட்டங்கள் சேரும் இடத்தைப் புரட்டினாள்.

சிவப்பு நூல்.

பக்கத்துக் கட்டத்தை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு.

நாத்தனார் எப்போது பக்கத்தில் வந்து நின்றாளோ தெரியவில்லை.

“நீங்க குப்பையில போட்டதுதான் அண்ணி. ஓரம் மட்டும் நான் அடிச்சேன். எம் பொண்ணுக்கு ஒம்பது வயசாகுது, இன்னும் இது இல்லாம அவ தூங்க மாட்டேங்குறா. இந்த வருசம் நீங்களும் மாட்டப்போறீங்கன்னுதான் துணிஞ்சு எடுத்துட்டு வந்தேன். வீட்டுக்கு நீங்க வரும்போதெல்லாம் பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சுடுவோம். பாத்தா பிரிச்சுடுவீங்கல்ல?”

அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே அவசர அவசரமாகப் பீரோ சாத்தும் சத்தம் கேட்கும். நகையை ஒளிக்கிறாள் அற்பம் என்று இத்தனை வருடமும் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஊசியை எடுத்து, அறுத்த நாலு இழையையும் பழைய ஓட்டைகள் வழியாகவே தைத்து மூடினாள். கட்டம் கோணலாகவே இருந்தது. ‘தைத்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். ஆடும் அட்டையில் எழுதியதில் அதுவும் கோழி கிளறிய மாதிரிதான் வந்தது.

பிறகு பையைத் திறந்து, இருபத்து நான்காம் எண்ணுக்குக் கீழே தன் போர்வையை மாட்டினாள்.

மாட்டியதுமே அந்த மூலை கண்ணைக் குத்தியது. கை தானாகக் கொக்கியைத் தேடிப் போனது.

வாசலில் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கொக்கியை எடுத்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி விட்டாள்.

“இதையும் அந்தப் பீரோவுலயே வெச்சுப் பூட்டு.”